டர்ட் பைக்குக்கு கிரிப் டேப்: செட்டிநாட்டில் சிறுதொழிலாகத் தொடங்க ஒரு வழிகாட்டி

மண்பாதைக்கென்றே செய்த டர்ட் பைக்கை ஓட்டுகிறவர் பாதி நேரம் சீட்டில் உட்காருவதே இல்லை. கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலாலும் பூட்ஸாலும் வண்டியை இறுக்கிப் பிடித்தபடிதான் ஓட்டுவார். அந்தப் பிடி வழுக்கினால் உடம்பின் பாரம் கைக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் முன்கை கல் மாதிரி இறுகிவிடும். இன்னொரு பக்கம், பூட்ஸ் உரசும் இடத்தில் ஃபிரேமின் பெயின்ட் தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டும். இரண்டையும் தடுக்க ஃபிரேமிலும் சைடு கவரிலும் ஒட்டுகிற சொரசொரப்பான பட்டைதான் கிரிப் டேப்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிளாஸ்டிக் தாளில் பசையும் துகளும் பூசி உருளையாகச் சுற்றுவது பெரிய இயந்திரத்தின் வேலை. பல லட்சம் முதலீடு வேண்டும். புதிதாக வருகிறவர் அதில் இறங்கவே வேண்டாம். ஆயத்தமாக வரும் உருளையை வாங்கி, ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் அளவாக வெட்டி, ஒட்டும் முறையோடு சேர்த்துப் பொட்டலமாக்கி விற்பதுதான் இங்கே சொல்லப்போகும் தொழில். ஒரு அறையும் இரண்டு பேரும் போதும்.

யார் வாங்குவார்கள்? காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தை மட்டும் நம்பினால் மாதம் பத்து செட் போவதே பெரிய காரியம். பந்தயத்துக்கென்றே செய்த டர்ட் பைக் வைத்திருப்பவர்கள் எங்குமே குறைவு. ஆனால் 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2023-இல் வந்த ஹிமாலயன் 450 ஆகியவற்றை வைத்துக்கொண்டு விடுமுறை நாளில் மண் ரோட்டுக்குப் போகிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூரியரில் அனுப்பத்தான் கடை. பந்தயக்காரர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் கோவைக்கும் சென்னைக்கும் போக வேண்டும்.

எந்தப் பட்டை வாங்குவது

சந்தையில் கிடைப்பதை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, துகள் பட்டை. சிலிக்கான் கார்பைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு துகளைப் பிளாஸ்டிக் தாளில் பதித்தது; மாடிப்படி விளிம்பில் ஒட்டுகிற கறுப்புப் பட்டையும் ஸ்கேட்போர்டு மேல் ஒட்டுவதும் இதே இனம். இன்னொன்று, ரப்பர் போன்ற மேற்பரப்பில் குமிழ் குமிழாகவோ வரி வரியாகவோ அச்சு எழுந்த பட்டை.

துகள் பட்டை பூட்ஸை விடாமல் பிடிக்கும், ஆனால் துணியைத் தின்னும். ஆகவே பூட்ஸ் படும் கீழ்ப்பகுதிக்குத் துகள், முழங்கால் படும் மேல்பகுதிக்கு ரப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் துகளை ஒட்டிக்கொடுத்தால் மூன்றாவது சவாரியில் பேன்ட் கிழிந்த படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்.

துகளின் பருமனை எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் துகள் நைசு. 60 என்றால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், 80 என்றால் அதைவிடச் சிறிது. 60-க்குக் கீழே போனால் பூட்ஸின் ரப்பரையே அரம் போட்ட மாதிரி அராவும். 120-க்கு மேலே போனால் நம் ஊர்ச் செம்மண் சேறு பள்ளங்களை அடைத்துக்கொண்டு பட்டை வழவழப்பாகிவிடும். 60-க்கும் 80-க்கும் நடுவில் நில்லுங்கள்.

மேலே இருக்கும் சொரசொரப்பைத் தடவிப் பார்த்துத்தான் எல்லோரும் உருளை வாங்குகிறார்கள். வாடிக்கையாளர் திட்டுவது அதற்காக இல்லை, உரிந்து வந்ததற்காகத்தான். விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கம் என்ன கம் என்று. ரப்பர் பசை கை வைத்தவுடன் கப்பென்று பிடிக்கும். கடையில் ஒட்டிக்காட்டினால் பிரமாதமாக இருக்கும். வெயிலில் அது இளகி, பட்டை இருந்த இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்து, ஓரத்தில் கறுப்புக் கோடாகப் பிதுங்கும். அக்ரிலிக் பசை தொடக்கத்தில் சோம்பேறி. ஒட்டியபின் நேரம் போகப்போகத்தான் இறுகும். வெயிலையும் மழையையும் தாங்கும். சித்திரை வைகாசியில் வெட்டவெளியில் நிற்கப்போகும் வண்டிக்கு அக்ரிலிக் தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

துகளையும் பசையையும் தாங்கும் அடித்தாள் எது என்பதும் முக்கியம். விறைப்பான பாலியெஸ்டர் தாள் தட்டையான இடத்துக்குச் சரி. வளைந்த குழாயில் ஒட்டினால் நிமிரப் பார்க்கும். குழாய் ஃபிரேமுக்கு மெல்லிய பிவிசி அடித்தாளோ, அலுமினியத் தாள் அடித்தளமோ உள்ள பட்டையைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத் தாள் வளைத்த வளைவிலேயே நிற்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

மூன்று விற்பனையாளர்களிடமிருந்து ஒவ்வொரு மீட்டர் மாதிரி வாங்குங்கள். ஒட்டிப் பார்க்க மூன்று பலகைகள் வேண்டும்: பவுடர் கோட்டிங் கடையில் கறுப்பு அடித்த இரும்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, பழைய மட்கார்டிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று. மாதிரியை 25 மி.மீ. அகலத்துக்குக் கீற்றாக வெட்டி ஒட்டி, 2 கிலோ எடையுள்ள உருளையால் இரண்டு முறை அழுத்தி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு முனையைப் பின்னால் மடித்து, பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி, நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் இழுங்கள். தராசு காட்டுவதை நோட்டில் எழுதுங்கள். வேகம் கூடினால் அளவும் கூடும், அதனால் எல்லாவற்றையும் ஒரே கை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். பிறகு இன்னொரு தொகுதியை மூன்று நாள் மாடி வெயிலில் போட்டும், மற்றொன்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தும் இதையே செய்யுங்கள்.

இழுத்தபின் தகட்டைப் பாருங்கள். பசை பட்டையோடு சுத்தமாக வந்துவிட்டால் அது தகட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை. பாதி தகட்டிலும் பாதி பட்டையிலும் நூல் நூலாக இழுபட்டு நின்றால் பசை தனக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. வெயிலில் இளகும் பசை இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு எளிய சோதனை: 25 மி.மீ.க்கு 25 மி.மீ. அளவு மட்டும் தகட்டில் ஒட்டி, மீதியைக் கீழே தொங்கவிட்டு, அதில் 1 கிலோ எடையைக் கட்டி வெயிலில் நிறுத்துங்கள். மதியத்துக்குள் வழுக்கி இறங்குகிற பசையை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

மட்கார்டுத் துண்டில்தான் எல்லா மாதிரியும் தோற்கும். காரணம் உண்டு. டர்ட் பைக்குகளின் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதன் மேற்பரப்பில் எந்தப் பசையும் எளிதில் பரவாது. சுத்தமாகக் கழுவித் தண்ணீர் தெளித்தாலும் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். தண்ணீர் பரவாத இடத்தில் பசையும் பரவாது. சைடு கவரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் இனத்தை அச்சிலேயே போட்டிருப்பார்கள். பிபி என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். ஏபிஎஸ் என்று இருந்தால் கவலை இல்லை, நன்றாகவே ஒட்டும். பிபிக்கு இரண்டு வழி: அந்த வகைப் பிளாஸ்டிக்குக்கென்றே வரும் விசேஷப் பசை கொண்ட பட்டை வாங்குவது, அல்லது ஒட்டும் முன் பசை பிடிக்க உதவும் பிரைமர் தடவச் சொல்வது. தொடக்கத்தில் ஃபிரேமுக்கு மட்டும் செட் போட்டு விற்றுவிட்டு, பிளாஸ்டிக் பாகங்களை ஆறு மாதம் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்குக்கு இதை அறவே விற்காதீர்கள். பாலித்தீன் டேங்கின் சுவர் வழியே பெட்ரோல் ஆவி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மேலே மூடி ஒட்டினால் அடியில் அப்பளம் போலக் கொப்புளிக்கும். அதனால்தான் டேங்க் ஸ்டிக்கர்களில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருக்கிறார்கள். இரும்பு டேங்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

அறையும் சேமிப்பும்

பசை உருளைக்குப் பிடித்தது குளிர்ச்சியும் நிழலும். 21 டிகிரி, பாதியளவு ஈரப்பதம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அப்படி வைத்தால் பொதுவாக இரண்டு வருடம் தாங்கும். தகரக் கொட்டகையில் மே மாதம் வைத்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இந்த விஷயத்தில் செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் தரை. உச்சி வெயிலிலும் உள்கட்டு அறை குளிர்ந்துதான் இருக்கும். வாடகைக்கு இடம் தேடும்போது ரோட்டோரத்துப் புதுக் கடையைவிடப் பழைய வீட்டின் ஒரு அறை மலிவாகவும் வசதியாகவும் அமையலாம்.

அந்த வீட்டிலேயே இரண்டு ஆபத்தும் இருக்கின்றன. பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்க்கும் மாவு கண்ணுக்குத் தெரியாமல் பசையில் படிந்தால் ஓரம் பிடிக்காது. சுவரை ஒட்டி மேசை போடாதீர்கள், சுவரில் ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிடுங்கள். வளவில் முற்றத்தைப் பார்த்த திண்ணையில் வேலை செய்தால் காற்றில் செம்மண் வரும். இரண்டாவது ஆபத்து பலகாரம். பக்கத்து அறையில் தேன்குழலும் அதிரசமும் ஆர்டருக்குச் சுடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. எண்ணெய்ப் புகை எல்லாவற்றின் மீதும் மெல்லிய படலமாகப் படியும். அங்கே வெட்டிய பட்டை எங்கே ஒட்டினாலும் நிற்காது.

உருளையைப் படுக்க வைக்காதீர்கள். தன் எடையிலேயே அடிப்பக்கம் தட்டையாகி, அந்த இடத்தில் மட்டும் பசையை மூடியிருக்கும் பின்தாள் பிரிந்துவிடும். நிறுத்தி வையுங்கள். ஒவ்வொன்றின் உள்குழாயிலும் வந்த தேதியை மார்க்கரில் எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.

பேட்டர்ன் எடுப்பது

லாபம் பிறக்கும் இடம் இது. உருளை யாருக்கும் கிடைக்கும். எக்ஸ்பல்ஸின் இடது ஃபிரேமுக்கு மில்லிமீட்டர் பிசகாத வடிவம் உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும்.

வண்டியை நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஒட்ட வேண்டிய பரப்பு முழுக்க அகலமான மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பூட்ஸ் போட்ட ஒருவரை ஏறி நிற்கச் சொல்லி, உண்மையில் எங்கே உரசுகிறது என்பதைப் பென்சிலால் குறியுங்கள். பெயின்ட் தேய்ந்த பழைய வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது, தேய்மானமே வரைந்து காட்டிவிடும். எல்லைக் கோடு போட்டு, பிளேடால் மேலாக வெட்டி, மாஸ்கிங் டேப்பை ஒரே துண்டாக உரித்து, கிராஃப் தாளில் தட்டையாக ஒட்டுங்கள். தட்டையாகப் படியாமல் சுருக்கம் விழுந்தால் அந்த இடம் இரண்டு பக்கமும் வளைகிறது என்று பொருள். அங்கே முக்கோணமாக ஒரு வெட்டு விடுங்கள், அல்லது இரண்டு துண்டாகப் பிரித்துவிடுங்கள்.

கோடு போடும்போதே ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள். மூலைகளை 6 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருட்டுங்கள். கூரான மூலையைத்தான் பூட்ஸ் முதலில் கிளப்பும். ஃபிரேமின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். வெல்டிங் மேட்டின் மீது ஏற்றாதீர்கள், அடியில் காற்று நிற்கும். இன்ஜின் புகை போகும் பெண்டு பைப்பும் சைலன்சரும் இருக்கும் பக்கம் மூன்று விரல் இடைவெளி விடுங்கள், பிவிசி அந்தச் சூட்டில் இளகிச் சுருங்கும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தையும் கம்பெனியின் விவரப் பட்டையையும் ஒருபோதும் மூடாதீர்கள்; ஆர்டிஓ ஆபீஸில் உங்கள் வாடிக்கையாளர் நிற்க வேண்டிவரும்.

இடதுக்கு எடுத்ததைத் திருப்பிப் போட்டு வலதுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரு பக்கம் செயின், பிரேக் பெடல் ஒரு பக்கம், கியர் லீவர் ஒரு பக்கம், வயர் கிளிப் எங்கேயோ. இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுங்கள். கிராஃப் தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப், கோரல் டிரா போன்ற வரைபட மென்பொருளில் கோட்டை இழுத்து, அச்சடித்து வெட்டி, மறுபடி வண்டியில் வைத்துப் பாருங்கள். பிரிண்டர் தாளுக்குப் பொருத்துகிறேன் என்று 97 சதவீதமாகச் சுருக்கிவிடுவது வாடிக்கை. அதனால் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அச்சான பின் ஸ்கேலால் அளங்கள். இந்தச் சின்னக் கோடு பல உருளைகளைக் காப்பாற்றும்.

வெட்டுவது

காரைக்குடியில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில், கணினி வரைபடப்படி வெட்டும் ப்ளாட்டர் இருக்கும். மெல்லிய ரப்பர் பட்டையை அதில் வெட்டிவிடலாம். துகள் பட்டையை மட்டும் மேல்பக்கமாக வெட்டக் கொடுக்காதீர்கள். சிலிக்கான் கார்பைடு பிளேடைவிடக் கடினம். முதல் துண்டு முடிவதற்குள் முனை மழுங்கிவிடும், கடைக்காரர் மறுமுறை உள்ளே விடமாட்டார். துகள் பட்டையை எப்போதும் குப்புறப் போட்டு, பின்தாள் பக்கமிருந்து வெட்ட வேண்டும். அப்போது வடிவத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப மறந்தால், வலது இடதாகிவிடும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பு இது. பேட்டர்னில் 'பின்பக்கம், இடது' என்று எழுதி வையுங்கள்.

முதல் 20 செட்டுக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் பேட்டர்னை வெட்டி வாங்கி, அதைப் பின்தாள் மீது வைத்து, ஒடிக்கும் பிளேடுக் கத்தியால் சுற்றி வெட்டலாம். நான்கு துண்டுக்கு ஒரு முறை பிளேடை ஒடியுங்கள். மழுங்கிய பிளேடு பட்டையை வெட்டாது, இழுக்கும். ஓரத்தில் துகள் உதிர்ந்து பல் பல்லாக நிற்கும். கையில் வெட்டுப்படாத கையுறையும், மூக்கில் மாஸ்க்கும் கட்டாயம்.

விற்பனை சூடுபிடித்த பிறகு டை, அதாவது ஒரே அழுத்தில் வடிவத்தை வெட்டும் அச்சு. சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கும் லேபிளுக்கும் பஞ்சிங் டை செய்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிளைவுட்டில் இரும்புப் பட்டியை வளைத்துப் பதித்துத் தருவார்கள். பட்டியின் உயரம் வழக்கமாக 23.8 மி.மீ. உங்கள் கணினி வரைபடத்தைக் கொடுத்தால் போதும், 'உரசும் பொருள், கெட்டியான பட்டி போடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். பஞ்சிங்கையும் அங்கேயே முடித்து வாங்கலாம். சொந்தமாக அழுத்த வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்பில் பேரிங் கழற்றப் பயன்படும் 20 டன் ஹைட்ராலிக் பிரஸ், மேலும் கீழும் தடித்த இரும்புத் தகடு, டைக்கு எதிரே ஒரு நைலான் பலகை. டை நடுமையத்தில் இல்லாவிட்டால் ஒரு ஓரம் வெட்டும், மறு ஓரம் வெட்டாது.

கத்தியில் பசை ஏறி ஒட்டத் தொடங்கினால் சிலிகோன் ஸ்பிரே அடிக்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். அந்த டப்பா உங்கள் அறைக்குள்ளேயே வரக்கூடாது. சிலிகோன் பட்ட பசை எதிலும் ஒட்டாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அதன்மேல் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் இன்னொரு முறை துடையுங்கள்.

லேசரில் வெட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பட்டை பிவிசியாக இருந்தால் கூடவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலையும் இயந்திரத்தின் தண்டவாளத்தையும் ஒருசேர அரிக்கும். பிவிசியா என்று தெரியாவிட்டால் ஒரு செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பட்டையின் அடித்தாளில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. இதை வெளியில், காற்றோட்டத்தில், துணுக்களவு வைத்துச் செய்தால் போதும்.

ஒட்டும் முறைத் தாள்

நீங்கள் அனுப்பும் பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒட்டப்போவது வாடிக்கையாளர். ஆகவே பொட்டலத்தில் ஒரு தாள் கட்டாயம். தமிழில், பெரிய எழுத்தில், இப்படி:

1. வண்டியை நிழலில் நிறுத்தி, முழுக்க ஆறவிடவும். தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான ஃபிரேமில் பசை பட்டவுடன் பிடித்துவிடும். கோணல் ஆனால் திருத்த முடியாது.
2. சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, காயவிடவும். பெயின்ட் உரிந்த இடம் இருந்தால் முதலில் டச்சப் செய்து ஒரு நாள் விடவும். இல்லாவிட்டால் பட்டைக்கு அடியில் துரு வளரும்.
3. ஐபிஏ 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்து, ஒரே திசையில் துடைக்கவும். துணியில் அழுக்கு ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்கவும்.
4. பின்தாளை முழுக்க உரிக்காமல் ஒரு ஓரம் இரண்டு விரல் அளவு மட்டும் உரித்து, நிலைப்படுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போகவும். வளைவில் இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்து ஒட்டியது தன் பழைய நீளத்துக்கே திரும்பப் பார்க்கும், ஓரம் கிளம்பும்.
5. கெட்டியான ரப்பர் உருளையாலோ கரண்டிக் காம்பாலோ ஓரங்களை இன்னொரு முறை அழுத்தவும்.
6. 24 மணி நேரம் வண்டியைத் தொட வேண்டாம். 72 மணி நேரம் வாட்டர் வாஷ் வேண்டாம். பிறகும் பிரஷர் கன்னைப் பட்டையின் ஓரத்தில் நேராகப் பிடிக்க வேண்டாம்.

மூன்றாவது படியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு எதையும் பெட்ரோலால் துடைத்துப் பழக்கம். பெட்ரோல் காய்ந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சில வகைகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கெட்டது வாட்டர் வாஷ் கடையில் கடைசியாகப் பளபளப்புக்கு அடிக்கிற பாலிஷ். அதில் சிலிகோன் இருக்கும். அப்படிப் பாலிஷ் போட்ட வண்டியில் நான்கைந்து முறை துடைத்தால்தான் போகும். போய்விட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். பெயின்ட் அடித்த ஃபிரேமில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் சரி.

பொட்டலத்தில் ஐபிஏ பாட்டிலோ பிரைமர் பாட்டிலோ வைக்காதீர்கள். தீப்பற்றும் திரவத்தைக் கூரியரில் ஏற்றமாட்டார்கள், தெரியாமல் ஏற்றினாலும் பொறுப்பு உங்களுடையது. பட்டையைச் சுருட்டாமல் இரண்டு நெளிவு அட்டைக்கு நடுவில் தட்டையாக அனுப்புங்கள். சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சொரசொரப்புப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே போட்டால் பின்தாள் வரி வரியாகக் கிளம்பி, அந்த வரியில் பசை காய்ந்துவிடும்.

கணக்கு

விலைகள் மாறும், முறை மாறாது. 300 மி.மீ. அகலம், 18 மீட்டர் நீளமுள்ள உருளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு 280 மி.மீ.க்கு 100 மி.மீ. அகலத்தில் குறுக்கே போட்டால், இடைவெளி 5 மி.மீ. சேர்த்து, ஒரு துண்டுக்கு 105 மி.மீ. நீளம் போகும். 18,000-ஐ 105-ஆல் வகுத்தால் 171 துண்டு. பத்தில் ஒன்று கழிவு என்று வைத்தால் 154 துண்டு; இடது, வலது என இரண்டு துண்டு ஒரு செட் என்றால் 77 செட். உருளை விலை, உதாரணத்துக்கு, 6,000 ரூபாய் என்றால் ஒரு செட்டுக்குப் பட்டைச் செலவு 78 ரூபாய்.

இந்த 78-ஐப் பார்த்துவிட்டு 200-க்கு விற்றால் லாபம் என்று நினைப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் கடையைக் கட்டுகிறார்கள். அட்டை, அச்சுத்தாள், கூரியர், வெட்டும் கூலி, பிளேடு, திரும்பி வரும் செட், பேட்டர்ன் எடுக்கப் போன இரண்டு நாள் கூலி எல்லாம் அதன்மேல் ஏற வேண்டும். பேட்டர்ன் செலவை முதல் 50 செட்டில் பிரித்துப் போடுங்கள். மாற்று செட் அனுப்ப விலையில் 5 சதவீதம் ஒதுக்குங்கள். வெட்டியது போக மிஞ்சும் ஓரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஃபுட்பெக் அருகே ஒட்டும் சின்னத் துண்டுகளாக வெட்டி, செட்டோடு இலவசமாகப் போடலாம்.

பதிவுகள்

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில், ஆதாரை வைத்து, காசில்லாமல் ஆகும். யாராவது கட்டணம் கேட்டால் அது அவர்கள் கூலி, அரசின் கட்டணம் இல்லை. ஜிஎஸ்டியில், தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவைப்படாது. ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு செட் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு கட்டாயம். இந்தச் சரக்குக்கு வெளிமாநில வாடிக்கையாளர் எப்படியும் வருவார், அதனால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். ரப்பர் போன்ற பிளாஸ்டிக் பட்டை வரிப் பட்டியலின் 3919 தலைப்பிலும் துகள் பதித்தது 6805 தலைப்பிலும் வரக்கூடும். ஆடிட்டரிடம் மாதிரியைக் கையில் கொடுத்துக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கடன், மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையம். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டத்தில் பரவிக்கிடப்பதால் தொழில் நடக்கும் இடம் எந்த மாவட்டம் என்று பார்த்து அந்த மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பகுதிக்கு மானிய விகிதம் நகரத்தைவிட 10 சதவீதப் புள்ளி கூடுதல். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. எல்லைக்கு உள்ளே இடம் பிடிப்பதா, வெளியே கிராமத்தில் பிடிப்பதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் யோசியுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எத்தனை துண்டு, மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, குறை சொல்ல ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். வண்டிக் கம்பெனியின் சின்னத்தைப் பட்டையிலோ அட்டையிலோ அச்சடிக்காதீர்கள். இன்ன மாடலுக்குப் பொருந்தும் என்று எழுத்தில் போடுவது வேறு, அவர்கள் சின்னத்தைப் போடுவது வேறு.

முதல் 20 செட்

இவற்றை விற்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள். பத்து செட் வாட்டர் வாஷ் கடைக்குத் தவறாமல் போகும் வண்டிகளுக்கு, பத்து செட் மண்ணில் ஓடும் வண்டிகளுக்கு. கோடையில் ஒட்டியது வேறு, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒட்டியது வேறு. இரண்டு பருவமும் பார்க்காமல் உத்தரவாதம் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். 15 நாளுக்கு ஒரு முறை போய்ப் படம் எடுங்கள். எந்த மூலை முதலில் கிளம்புகிறது என்று பாருங்கள். எல்லா வண்டியிலும் ஒரே மூலை என்றால் பேட்டர்னில் தப்பு, அந்த இடத்தில் 4 மி.மீ. உள்ளே இழுங்கள். வண்டிக்கு வண்டி வேறு மூலை என்றால் துடைத்ததில் தப்பு. முழுப் பட்டையும் நகர்ந்திருந்தால் பசையில் தப்பு, அந்த உருளையை விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

திருப்பிக் கொடுக்க ஆதாரம் வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு புது உருளையிலிருந்தும் ஒரு கை நீளக் கீற்றை வெட்டி, பவுடர் கோட்டிங் தகட்டில் ஒட்டி, உருளை எண்ணும் தேதியும் எழுதி, முற்றத்தில் வெயில் விழும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். வாடிக்கையாளர் உரிந்துவிட்டது என்று போன் செய்யும்போது, பொட்டலத்தில் இருக்கும் உருளை எண்ணைக் கேளுங்கள். சுவரில் அதே எண்ணுள்ள கீற்றைப் போய் நகத்தால் கிளப்பிப் பாருங்கள்.